பருப்பு வேகாத கரை

தமிழ்நாட்டில் பார்த்தே தீரவேண்டிய ஊர் எது என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், அந்தக் காலத்தில் ஒரே பதில்தான் வரும்.

"சொக்கம்மாளக் கேளு. அது பாக்காத ஊரா?"

புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் கேட்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்ததென்று வேண்டுதலை முடிக்கப் புறப்படுகிறவர்கள் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கிற பெண்கள், பொழுது போகாமல் கேட்பார்கள். சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாளென்றால் வரிசை நகர்ந்தாலும் ஆட்கள் நகரமாட்டார்கள்.

"மதுரையில மொதல்ல அம்மனத்தான் பாக்கணும், அப்பறந்தான் சாமி. மாத்திப் பாத்தீங்கன்னா அவளுக்குக் கோவம் வந்துடும், சொல்லிட்டேன். தஞ்சாவூர் நந்தி இன்னா சைசு தெரியுமா? நம்ம ஏரி மதகு கீதே, அதவுட ஒசரம். ஆனா ஒண்ணு, எதத் தவற உட்டாலும் கன்னியாகுமரிய உட்டுடாதீங்க. நின்ன எடத்துலயே நின்னுகினு மூணு கடலப் பாக்கலாம். மணலு மூணு கலரு. செவப்பு, கருப்பு, வெள்ள. சூரியன் மேல வரும்போது குங்குமத்தக் கரச்சி ஊத்தினாப்புல தண்ணி. நடுக் கடல்ல பாற, பாற மேல மண்டபம். கண்ணு ரெண்டு பத்தாதுடி யம்மா!"

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். உடனே போய்ப் பஞ்சாட்சரத்தின் டூருக்குப் பேர் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சொக்கம்மாள் இதில் ஒன்றையும் பார்த்தவள் இல்லை. ஒன்றையும்!

பஞ்சாட்சரம் ரைஸ் மில் வைத்திருந்தவர். வருஷா வருஷம் மே மாதத்தில் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி, ஐம்பது பேரைச் சேர்த்து, பன்னிரண்டு நாள் ஷேத்திராடனம் அழைத்துப்போவார். அந்த பஸ்ஸின் சமையல்காரிதான் சொக்கம்மாள். காவாந்தண்டலத்தில் பிறந்து உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டு, கட்டினவன் நாலே வருஷத்தில் கண்ணை மூடிவிட, கையிலிருந்த கரண்டியை நம்பிப் பிழைத்தவள். பஸ்ஸின் கடைசி சீட்டுக்குப் பின்னால் அண்டா, குண்டான், அரிசி மூட்டை, விறகுக் கட்டு. அவற்றுக்கு நடுவில் அவள்.

ஊர் வந்து பஸ் நின்றதும் சனம் முழுக்கக் குளித்து, நெற்றிக்கு இட்டு, பூ வைத்துக் கோயிலுக்குக் கிளம்பிவிடும். சொக்கம்மாள் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவாள். அவர்கள் திரும்பி வரும்போது சோறு தயாராக இருக்கவேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் தேய்க்கவேண்டும். தேய்த்து முடித்ததும் பஸ் கிளம்பிவிடும். ராமேஸ்வரத்துக்கு அப்போது பஸ் பாலம் கிடையாது. பஸ்ஸை இக்கரையில் மண்டபம் ஊரிலேயே நிறுத்திவிட்டு எல்லோரும் ரயிலேறிப் போவார்கள். மூட்டை முடிச்சுக்குக் காவல் யார்? அவள்தான். பதினொரு வருஷம் போனாள். பதினொரு வருஷமும் கோபுரங்களின் முதுகைக்கூட அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. சத்திரத்துக் கொல்லையிலிருந்து அது தெரியாது.

ஊர்களை அவள் தண்ணீரை வைத்துத் தெரிந்துவைத்திருந்தாள். இந்த ஊர்த் தண்ணீரில் சோறு மஞ்சளாகும். அந்த ஊர்த் தண்ணீருக்குப் புளி கொஞ்சம் குறைத்துப் போடவேண்டும். கன்னியாகுமரிச் சத்திரத்துக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு ஒரே கொதியில் பூவாய் மலர்ந்துவிடும். அதனால் அந்த ஊர் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம்.

அப்படியானால் அந்தக் கதையெல்லாம்? அவை அவளுடைய மகளுக்காகப் பிறந்தவை.

அம்முலு. ஒரே பெண். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பன்னிரண்டு நாள் அம்மாவைக் காணாமல் பக்கத்து வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுக் காத்திருந்த அந்தக் குழந்தை, முதல் டூர் முடிந்து சொக்கம்மாள் வாசலில் கால் வைத்ததுமே கேட்டது.

"யம்மா, இன்னா இன்னா பாத்த?"

அடுப்பைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வாள் ஒரு தாய்? சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறும்போது காதில் விழுந்த பேச்சையெல்லாம் கோத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்முலுவின் கண் விரிந்தது.

"அப்பறம்?"

இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்.

"அப்பறம்?"

வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டார்கள், தெரு கேட்டது, ஊர் கேட்டது. "சொக்கம்மா சொன்னா நேர்ல பாத்தாப்புல கீது" என்று பேராயிற்று. தெருவில் போனால் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத சமையல்காரியை, டூருக்கு முன்னால் வீடு தேடி வந்து ஆட்கள் கேட்டார்கள். அந்த மரியாதையின் ருசி அவளையும் விடவில்லை.

ஒரே ஒரு முறை, அம்முலுவுக்குப் பதினாறு வயதிருக்கும், டூரிலிருந்து வந்தவளின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, புடவையை மோந்து பார்த்துச் சொன்னாள்.

"யம்மா, ஒம் பொடவையில கடலு வாசனையே இல்ல. பொகதான் நாறுது."

சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தோச்சிக் கட்டிகினு வந்தேன்டி" என்றாள். அம்முலு சிரித்தாள். அப்புறம், "சரி, குமரியம்மா கதையச் சொல்லு" என்றாள்.

அவளுக்குப் பிடித்த தெய்வம் அதுதான். மாலையோடு காத்துக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை வராமலே போய்விட்டவள். அம்முலுவைப் பெண் பார்க்கவும் ஒருவரும் வரவில்லை. வந்த ஒருவனும் காலைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமலே எழுந்து போனான்.

இருபத்திரண்டாவது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பத்தொன்பதாம் நாள், பாயோடு பாயாகக் கிடந்த பெண், கையிலிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல்களைத் தானாகவே கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

"யம்மா, இத அந்தக் குமரியம்மாகிட்ட போட்டுடு. கடல்ல போட்டாலும் அவ எடுத்துக்குவா. நீ வருசா வருசம் நிப்பன்னு சொல்லுவியே, அதே எடத்துல நின்னு போடு."

நீ நின்ன எடத்துல! பாவி, நான் எந்த இடத்தில் நின்றேன்? சொக்கம்மாளின் உயிர் அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. மறுநாள் விடியும்போது அம்முலு இல்லை.

கன்னியாகவே போனவள் என்று, வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரியாக அவளைக் கும்பிடப் புதுப்பானையில் துணி வைத்துப் படைத்தார்கள். வளையல்களை மட்டும் சொக்கம்மாள் பானையில் வைக்கவில்லை. அம்முலுவின் மஞ்சள் பாவாடையில் ஒரு துண்டு கிழித்து, அதில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த மே மாதம் டூருக்குப் போகும்போது அவளுக்குக் கண் பாதி போய்விட்டிருந்தது. பதினொரு வருஷத்துப் பச்சை விறகுப் புகை சும்மா விடுமா? இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தது. கை மட்டும் கண்ணாக இருந்தது. உப்பு எவ்வளவு என்று விரல் சொல்லும், சோற்றுப் பதத்தைக் கொதிக்கிற சத்தம் சொல்லும்.

பஞ்சாட்சரத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மொதலாளி, இந்த வாட்டிக் கூலி வாணாம் எனக்கு."

"கூலி வாணாமா? இன்னா சொக்கம்மா, ஏதாச்சும் சீட்டு வுழுந்துச்சா?"

"கன்னியாகுமரியில என்னையும் தண்ணிகிட்ட கூட்டிகினு போவணும். ஒரு அர மணி நேரம். வந்து அடுப்பு மூட்டிடறேன். எம் பொண்ணு கேட்டுகினு போயிட்டா மொதலாளி." முடிச்சை எடுத்துக் காட்டினாள்.

பஞ்சாட்சரம் முடிச்சைப் பார்த்தார். அடுத்த வருஷத்துக்கு வேறு சமையல்காரரை அவர் ஏற்கெனவே பேசிவைத்துவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

"சரி போ. இது ஒனக்குக் கடைசி டூரு. இதக்கூடவா செய்யமாட்டேன்?" என்றார்.

பஸ் கிளம்பியது. டிரைவர் தானியேல், கிளீனர் கோபால், ஐம்பது பிரயாணிகள். அவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ராஜாராம். இருபது ஏக்கர் நஞ்சைக்காரர், வாய்க்காரர்; அவர் பேசினால் பஸ்ஸே சிரிக்கும். இன்னொருத்தி லீலாவதி, காஞ்சிபுரத்துத் தறி முதலாளி வீட்டிலிருந்து உத்திரமேரூருக்கு மருமகளாக வந்தவள். சொக்கம்மாளின் பேச்சைக் கேட்டு மயங்கி, புருஷனிடம் ஒரு மாதம் மன்றாடி டூருக்கு வந்தவள்.

தஞ்சாவூரில் எல்லாம் கெட்டது. கோயில் பார்த்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்த ராஜாராம், சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சொக்கம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் சொக்கம்மா, நந்தி நம்ம மதகவுட ஒசரம்னியே, அது எந்தப் பக்கம் பாத்துகினு கீது? சாமியப் பாத்தா, வாசலப் பாத்தா?"

சொக்கம்மாளின் கரண்டி நின்றது. எந்த நந்தியும் சாமியைத்தான் பார்க்கும், சிறுபிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அவர் கேட்ட தோரணையில் ஏதோ சூது இருப்பதாக அவளுக்குப் பட்டது. பயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வாசல... வாசலத்தான்."

இலையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ராஜாராம் விடவில்லை. கோபுரத்துக்கு எத்தனை வாசல், குளம் எந்தக் கையில், ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் அவள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"நான் எங்கய்யா பாத்தேன்? சட்டியப் பாக்கவே நேரம் பத்தல. நீங்கள்லாம் சொன்னதக் கேட்டுதான் சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவளுக்கு அச்சமாக இருந்தது.

"அப்ப ஏமாத்திக்கினா இருந்த இத்தினி வருசமா?" இது ராஜாராம். "பெருசா நேர்ல பாத்தவ மாதிரி அளந்த? எங்க வூட்ல கெழவிலேர்ந்து கொழந்த வரிக்கும் ஒன்னக் கேட்டுட்டுதான் பேரு குடுத்துச்சி."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட, சொக்கம்மாவே சொன்னாள்னு சொல்லித்தான் நான் வந்தேன்" என்றாள் லீலாவதி. அவள் குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. "அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவார்?"

அன்றிலிருந்து பஸ்ஸில் அவளுக்குப் புதுப் பேர். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே குரல் வரும்: "இன்னாம்மா கைடு, அடுத்து இன்னா ஊரு?" தண்ணீர் வேண்டுமென்றால், "கைடம்மா, மூணு கலர் தண்ணி கீதா?" அவள் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்னும் நாலு நாள். கன்னியாகுமரி வந்துவிட்டால் போதும்.

மண்டபத்தில் கியர் பாக்ஸ் உடைந்தது. ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் வந்து சரி பண்ண இரண்டு நாள். பஸ் ஊர் திரும்பவேண்டிய நாளுக்கு மறுநாளே அதை ஒரு கல்யாணத்துக்குப் பேசியிருந்தார்கள், நாளைத் தள்ள முடியாது. பஞ்சாட்சரம் பிரயாணிகளை டீக்கடைப் பக்கம் கூட்டி வைத்துப் பேசினார். திருச்செந்தூர் போகலாம், மதுரை போகலாம், கன்னியாகுமரி முடியாது. சிலர் முணுமுணுத்தார்கள். அப்புறம் ராஜாராம் ஏதோ சொன்னார். அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. அடுப்படியிலிருந்த சொக்கம்மாளுக்குச் சிரிப்பு மட்டும் கேட்டது.

பஞ்சாட்சரம் அவளிடம் வந்தார். அவர் குரலில் என்றும் இல்லாத இனிப்பு.

"சொக்கம்மா, ரூட்ட மாத்திட்டோம். திருச்செந்தூர் அப்பறம். மொதல்ல நேரா கன்னியாகுமரி. காலையில சூரியன் வரும்போது அங்க இருப்போம். எடுத்து வச்சிக்க ஒம் முடிச்ச."

அவள் அவர் நின்ற திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்க புள்ளைங்க நல்லா இருக்கணும் மொதலாளி."

இரண்டு நாளாகத் தூங்காத உடம்பு. பஸ் கிளம்பியதும் அரிசி மூட்டை மேல் சாய்ந்தவள் செத்தவள் போலத் தூங்கிவிட்டாள். எத்தனை நேரம் ஓடியதென்று தெரியாது. யாரோ தோளை உலுக்கினார்கள்.

"எழுந்திரு சொக்கம்மா. கன்னியாகுமரி வந்துடிச்சி."

கதவைத் திறந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அலைச் சத்தம். காலடியில் குளிர்ந்த மணல். எதிரே, அவள் கண்ணின் வெள்ளைப் படலத்துக்கு அப்பால், கொஞ்சங்கொஞ்சமாகச் சிவக்கிற ஒரு வெளிச்சம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்து நடத்தினார்கள். ஒரு கை ராஜாராமுடையது. இன்னொரு கையில் வளையல் சத்தம், லீலாவதி.

"சனமே காணமே?" என்று கேட்டாள்.

"இவ்ளோ சீக்கிரம் எவன் வருவான்? நாமதான் மொத ஆளு. தோ, காலுகிட்ட மணலு பாரு. செவப்பு, கருப்பு, வெள்ள."

"பாற?"

"நடுக் கடல்ல கீது. பாற மேல மண்டபம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"குங்குமத்தக் கரச்சி ஊத்தினாப்புல தண்ணி" என்றது இன்னொரு குரல்.

"கண்ணு ரெண்டு பத்தாதுடி யம்மா!" யாரோ அவளைப் போலவே இழுத்துச் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவையெல்லாம் தன்னுடைய வார்த்தைகள் என்பது சொக்கம்மாளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு அது உறைக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் நிஜந்தான் போலிருக்கிறது என்று அந்தப் பேதை பூரித்துப்போனாள். பொய் என்று நினைத்து மகளுக்குச் சொன்னது அத்தனையும் நிஜம்! இதோ, ஐம்பது பேர் சாட்சி சொல்கிறார்கள்!

முட்டளவு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பு முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்முலு, அம்மா நின்ன எடத்துலயே நின்னுட்டேன்டி. குமரியம்மா, எம் பொண்ண ஒனக்குத் தொணையா வச்சிக்கோ. அவளுக்கும் யாரும் வரல தாயே."

முடிச்சைத் தண்ணீரில் விட்டாள். வளையல்கள் ஒருமுறை ஒன்றோடொன்று மோதிக் கிலுங்கின. அலை வாங்கிக்கொண்டது.

பக்கத்தில், "ஐயோ" என்று ஒரு மெல்லிய குரல். லீலாவதி. அந்த முடிச்சில் இருந்தது இன்னதென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தாள். பின்னால் ராஜாராம் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்குவது கேட்டது. மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லீலாவதி வாயை மூடிக்கொண்டாள்.

சொக்கம்மாள் திரும்பி வந்து கரையிலேயே அடுப்பு மூட்டினாள். சத்திரத்தில் இடமில்லை, இன்று கடற்கரையிலேயே நாஷ்டா என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு எங்கே என்றால் என்ன? மனசு பஞ்சு மாதிரி இருந்தது. பஸ்ஸில் குடத்தில் வந்த தண்ணீரில் பொங்கல் இறங்கியது. சாம்பாருக்குத் துவரம்பருப்பைப் போட்டாள். கிளீனர் கோபால் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்தான்.

ஒரு கொதி வந்தது. விரலால் எடுத்து நசுக்கினாள். பருப்பு கல்லாக இருந்தது.

விறகைத் தள்ளினாள். இரண்டாவது கொதி. மூன்றாவது. பருப்பு பருப்பாகவே கிடந்து துள்ளியது. சொக்கம்மாள் கரண்டியில் தண்ணீரை மொண்டு வாயில் விட்டுக்கொண்டாள். நாக்கு மடங்கியது. கரிக்கிற, கசக்கிற உப்பு.

அவளுடைய கை அப்படியே நின்றது. கண் ஏமாறலாம். காது ஏமாறலாம். பதினொரு வருஷம் பருப்பு வேகவைத்த கை எப்படி ஏமாறும்?

"கோபாலு, தண்ணி எங்கேர்ந்து எடுத்தாந்த?"

"தோ, குப்பத்துக் கெணத்துலேர்ந்து."

"எந்தக் குப்பம்?"

கோபால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அவள் தட்டித் தடவி பஸ்ஸின் முன்பக்கம் போனாள். ஸ்டியரிங் மேல் தலை கவிழ்த்து உட்கார்ந்திருந்தான் தானியேல்.

"தானியேலு தம்பி, நீ சாமிக்குப் பயந்தவன். பருப்பு வேவல. இது எந்த ஊரு?"

தானியேல் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"சாயல்குடி தாண்டி ஒரு குப்பம் யக்கா. பேரு தெரியாது. நான் சொன்னேன், வாணாம்னு. என்ன மன்னிச்சிடு."

அதற்கப்புறம் அவள் கத்தியதைப் பற்றி அந்த டூர்க்காரர்கள் பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை. கடலுக்குள் ஓடினாள். மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அலையைத் துழாவினாள். கோபால் இழுத்து வந்து போட்டான். ஈரப் புடவையோடு பஞ்சாட்சரத்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மொதலாளி, திருச்செந்தூர் போறீங்களே, அங்கேர்ந்து ரெண்டு மணி நேரமாமே! என்ன அங்க உட்டுடுங்க. வளையலு போயிடிச்சி, போவட்டும், அந்த எடத்துல நின்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டாவது வரேன்."

"ஒன்ன உட்டுட்டா மதுரையில ஐம்பது பேருக்கு யார் வடிச்சிக் கொட்டுவா? பேஜார் பண்ணாத. கடலு எல்லாம் ஒரே கடலுதான். இந்தத் தண்ணி அங்கியும் போவும்."

"எம் பொண்ணு கேட்ட எடம் இது இல்லியே மொதலாளி!"

ராஜாராம் பொங்கல் தட்டோடு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை, நியாயம் பேசினார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

"ஏன் அழுவற? பாக்காத ஊர எங்களுக்குக் காட்ன நீ. பாக்காத ஊர ஒனக்குக் காட்டனோம் நாங்க. கணக்கு சரியாப் போச்சி. சாம்பார எடு, பசிக்குது."

பருப்பு வேகாத சாம்பாரை அவள் ஊற்றினாள். ஊற்றித்தான் ஆகவேண்டும். ஈரப் புடவை உடம்பிலேயே காய்ந்தது. திருச்செந்தூரில் சமைத்தாள். மதுரையில் சமைத்தாள். திருச்சியில் சமைத்தாள். ஒரு வேளைச் சோறும் குழையவில்லை, ஒரு குழம்பிலும் உப்புத் தப்பவில்லை. பஸ்ஸில் யாரும் அவளைக் கைடு என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது, பிரசாதம் வாங்கவும் கதை கேட்கவும் வழக்கம்போல ஊர் கூடியிருந்தது. சொக்கம்மாள் பாத்திரம் இறக்கி முடிப்பதற்குள் ராஜாராம் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். அந்த வருஷத்திலேயே அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்திருந்தால், "இன்னாப்பா, சொக்கம்மா பாத்த கன்னியாகுமரியா?" சரிகை வெளுத்துப்போனால் அதே பேச்சு. சின்னப் பையன்கள் கணக்கில் காப்பியடித்து மாட்டிக்கொண்டாலும் அதே பேச்சு.

அடுத்த மே மாதம் வேறு சமையல்காரர் போனார். தானியேலும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சொக்கம்மாளுக்குக் கண் முழுக்கப் போயிற்று. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் வெங்காயம் உரித்து வயிற்றைக் கழுவினாள். ஆனால் டூர் பஸ் கிளம்பும் நாளில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள்.

"யம்மா, யாராச்சும் கேளுங்க. மதுரை கெடக்கட்டும், தஞ்சாவூர் கெடக்கட்டும். சாயல்குடி தாண்டி ஒரு குப்பம் கீது. பேரு கெடயாது. கெணத்துத் தண்ணியில பருப்பு வேவாது, அதான் அடையாளம். அதத் தவற உட்டுடாதீங்க. எம் பொண்ணு அங்கதான் கீறா. ஒரு பூ வாங்கி அலையில போட்டுட்டு வாங்க."

"ஆவட்டும், ஆவட்டும்" என்று சொல்லி ஏறிக்கொள்வார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு நகர, பஸ் போய்விடும். எந்த பஸ்ஸும் அங்கே நின்றதில்லை.

மூன்றாம் வருஷம் என்று நினைவு. திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய ராஜாராம், அவள் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். பக்கத்திலிருந்தவரைக் கண்ணடித்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சொக்கம்மா, போனேன் அந்தக் குப்பத்துக்கு. பாத்தேன் ஒம் பொண்ண."

சொக்கம்மாள் முகத்தைத் திருப்பினாள். அந்தக் குரலில் இருந்த சிரிப்பு அவளுக்குக் கேட்டது. விபூதியும் புகையிலையும் பஸ் டீசலும் அவர் சட்டையில் மணத்தன. கடல் வாசனை இல்லை. பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எப்பிடி கீறா?" என்று கேட்டாள்.

"ஜோரா கீறா. கை நெறைய செவப்பு வளையலு. ரெண்டு காலும் நல்லா ஊனி நிக்கறா."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சொக்கம்மாள் சுவரோடு சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். என்றோ தன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, புடவையை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்த ஒரு முகம் அவளுடைய இருட்டுக்குள் வந்து நின்றது. அடிப் பாவி, உனக்கும் அன்றைக்கே தெரியுமா? தெரிந்துதான் கேட்டாயா?

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ராஜாராம் நின்ற திக்கை நோக்கி முகத்தைத் தூக்கினாள்.

"அப்பறம்?" என்றாள்.